பெட்டி பிரிக்காத பழைய அவுட்போர்ட் மோட்டார் என்ன விலை பெறும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏரிக்கரை வீடு வாங்கும்போது வீட்டோடு படகுக் கொட்டகையும் வரும், கொட்டகையோடு அதில் கிடக்கும் சாமான்களும் வரும். துடுப்பு, தூண்டில் கம்பு, துருப்பிடித்த நங்கூரம் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பழைய அவுட்போர்ட் மோட்டார், சில சமயம் வாங்கிய பெட்டியோடு, ஒருமுறைகூடத் தண்ணீரில் இறங்காமல் கிடக்கும். படகின் பின்பலகையில் திருகி மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துவைக்கும் வகை மோட்டார் இது. இதற்கு என்ன விலை சொல்வது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்கள் இங்கே. விலைகள் அமெரிக்க டாலரில்.

எவ்வளவு பழையதாக இருந்தால் சேகரிப்பாளர்கள் வாங்குவார்கள்?

வருடத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் தன் மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1909இல். ஒன்றரை எச்.பி., எடை 62 பவுண்டு, விலையும் 62 டாலர். அவருக்கு முன்பே டெட்ராய்ட்டில் கேமரன் வாட்டர்மேன் ஒன்று செய்திருந்தார். 1920களின் தொடக்கத்தில் இண்டியானாவின் சவுத் பெண்டிலிருந்து ஜான்சன் சகோதரர்களின் இலகுவான மோட்டார் வந்தது. 1939இல் கார்ல் கீக்ஹேஃபர், மோன்ட்கமரி வார்ட் என்ற பெரிய கடை நிறுவனம் வேண்டாமென்று ஒதுக்கிய மோட்டார்களோடு சேர்த்து ஒரு தொழிற்சாலையை விஸ்கான்சினில் வாங்கினார். அங்கிருந்து மெர்க்குரி பிறந்தது. எவின்ரூட், ஜான்சன், மெர்க்குரி என்ற மூன்று பெயர்களைச் சுற்றித்தான் சந்தையின் பெரும்பகுதி.

சேகரிப்பாளர்களின் ஆர்வம் 1909 முதல் 1960களின் நடுப்பகுதி வரை செய்யப்பட்டவற்றில்தான் அதிகம். அதற்குப் பின் வந்தவற்றை வாங்குபவர்கள் பெரும்பாலும் ஓட்டுவதற்கே வாங்குகிறார்கள்.

என்னிடம் இருப்பது எந்த வருடத்து மாடல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேல்மூடியின் நிறத்தையோ ஸ்டிக்கரையோ நம்பாதீர்கள். மூடியை மாற்றிப் போடுவது ஐந்து நிமிட வேலை. படகில் மாட்டும் கிளாம்ப் பகுதியில், பக்கவாட்டிலோ முன்பக்கத்திலோ, ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் அதில் அச்சடித்திருக்கும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். 1950களின் ஜான்சனில் எழுத்தும் எண்ணுமாக 'ஜே.டபிள்யூ. 10' என்பது போல வரும். எவின்ரூடில் வெறும் எண்கள். எண்ணை வைத்து வருடம் பார்க்கும் பட்டியல்கள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன.

1980க்குப் பின் வந்த ஜான்சன், எவின்ரூடில் மாடல் எண்ணின் கடைசிப் பகுதியில் உள்ள இரண்டு எழுத்துகள் வருடத்தைச் சொல்லும். 'இன்ட்ரட்யூசஸ்' (INTRODUCES) என்ற ஆங்கிலச் சொல்லின் பத்து எழுத்துகளுக்கும் வரிசையாக 1 முதல் 9 வரை, கடைசி எழுத்துக்கு 0 என்று கணக்கு. ஆனால் அந்தக் காலத்து மோட்டார் நம் பேச்சில் வராது.

ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது அமெரிக்காவில் பொதுமக்களுக்கான அவுட்போர்ட் உற்பத்தி நின்றுபோய், தொழிற்சாலைகள் ராணுவத்துக்கு வேலை செய்தன. 1945 மார்ச்சில் ரைன் ஆற்றைக் கடந்த தாக்குதல் படகுகளில் இருந்தவை அப்படிச் செய்த பெரிய மோட்டார்கள். ஆகவே '1943இல் தாத்தா கடையில் புதிதாக வாங்கியது' என்று யாராவது சொன்னால் தகட்டை இன்னொருமுறை பாருங்கள்.

ஓட்டவே இல்லை என்று விற்பவர் சொல்கிறார். அதை எப்படிச் சரிபார்ப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் காசு. 'ஓட்டாதது' என்று சொல்லப்படும் மோட்டார்களில் பல, ஒரு கோடை முழுக்க ஓடிவிட்டு நன்றாகத் துடைக்கப்பட்டவை. சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நாம் இரும்பைக் கேட்க வேண்டும்.

முதலில் கிளாம்ப் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். திருகின் நுனியில் ஆடும் ஒரு வட்டத் தட்டு இருக்கும், அதுதான் படகின் பலகையைக் கவ்வும். ஒரே ஒருமுறை இறுக்கினாலும் அந்தத் தட்டின் முகத்தில் வட்டமாக ஒரு தேய்மானம் விழுந்துவிடும். எதிர்ப்பக்கம், கிளாம்பின் உள்முகத்தில், மரம் அழுத்திய பளபளப்பு தெரியும். இந்த இரண்டு இடத்திலும் தொழிற்சாலை பெயின்ட் முழுதாக இருந்தால் நல்ல சகுனம். தண்ணீரில் இறங்காமல் கடையில் ஸ்டாண்டில் மாட்டிவைத்த மோட்டாருக்கும் இந்தத் தழும்பு வரும். அதனால் தழும்பு இருப்பதாலேயே ஓடியது என்று முடிவுகட்டக் கூடாது. தழும்பு இல்லையென்றால் பெரும்பாலும் நிம்மதி.

அடுத்து விசிறி. புரொப்பெல்லர் இலைகளின் முன்னோரத்தை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். மணலும் கூழாங்கல்லும் பட்ட விளிம்பு சொரசொரக்கும். விசிறியைத் தாங்கும் ஷியர் பின், பாறையில் மோதினால் தான் உடைந்து கியரைக் காப்பாற்றும் சின்ன ஊசி. அதை எப்போதோ மாற்றியிருந்தால் நட்டின் மூலைகளிலும், நட்டு கழலாமல் காக்கும் காட்டர் பின் என்ற பிளவு ஊசியின் கால்களிலும் இடுக்கி கடித்த அடையாளம் இருக்கும்.

பிறகு புகை வெளியேறும் துவாரம். விசிறிக்கு மேலே, தண்ணீருக்குள் மூழ்கும் பகுதியில் இருக்கும். உள்ளே வெள்ளைத் துணியைச் சுற்றிய குச்சியை விட்டு எடுங்கள். எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடும் டூ ஸ்ட்ரோக் மோட்டார் இது. ஒரு மணி நேரம் ஓடியிருந்தாலே துணி கறுப்பாக வரும்.

கடைசியாக ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக்கின் நுனி வெள்ளையாக, கரி படாமல் இருக்க வேண்டும். பிளக் துளை வழியாகப் பென் டார்ச் அடித்துப் பிஸ்டன் தலையைப் பாருங்கள். புது அலுமினியத்தில் லேத் ஓட்டிய கோடுகள்கூடத் தெரியும். ஓடிய பிஸ்டனின் தலை பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறியிருக்கும். பிளக்கை மாற்றி ஏமாற்றலாம், பிஸ்டனை மாற்றி ஏமாற்றுவது லாபமில்லாத வேலை.

லேசான புகைக்கறை மட்டும் இருந்தால் பதறாதீர்கள். தண்ணீர்த் தொட்டியில் வைத்துச் சிறிது நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் போடும் பழக்கம் தொழிற்சாலைகளில் இருந்தது. அந்தக் கறை மெல்லிய புகைப்படலமாகத் தெரியும். ஏரியில் ஓடிய கரி தடித்து, பொருக்குத் தட்டியிருக்கும். இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் அப்புறம் குழப்பம் வராது.

ஒரே ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிடட்டுமா?

வேண்டாம். கயிற்றை இழுக்கவே வேண்டாம்.

முதல் காரணம் பணம். ஓடாத மோட்டார் என்பதற்குத்தான் வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்கிறார். நீங்கள் பெட்ரோல் ஊற்றிய நிமிடத்தில் அது 'கொஞ்சமாக ஓடிய மோட்டார்' ஆகிவிடும், அந்த வகையறா ஊரெல்லாம் கிடைக்கும். இழந்த தகுதியை எந்தத் துணியாலும் துடைத்து மீட்க முடியாது.

இரண்டாவது காரணம் இயந்திரம். மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் இம்பெல்லர், அதாவது உள்ளே சுழலும் இலைச்சக்கரம், ரப்பரால் ஆனது. ஐம்பது அறுபது வருடம் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்த ரப்பர் இறுகிப்போய், பக்கச்சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சுற்றினால் இலை கிழியும், கிழிந்த துண்டு தண்ணீர்ப் பாதையை அடைக்கும். பம்பு வேலை செய்யாமல் மோட்டார் ஓடினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சிலிண்டர் சுவரில் பூசிய எண்ணெயும் எப்போதோ வற்றியிருக்கும். பிஸ்டன் வளையம் துருவில் லேசாகப் பிடித்திருக்கலாம். அந்த நேரத்தில் கயிற்றைப் பலமாக இழுத்தால் கீறல் விழும்.

சுற்றுகிறதா என்று தெரிந்தே ஆக வேண்டுமென்றால், பிளக்கைக் கழற்றி, துளைக்குள் சில சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு நாள் பொறுத்து, மோட்டாரின் உச்சியில் உள்ள கனமான சக்கரத்தை, அதாவது ஃப்ளைவீலை, கையால் விரலளவு முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் போதும், நிறுத்திவிடுங்கள். 'கையால் சுற்றுகிறது, ஸ்டார்ட் செய்யப்படவில்லை' என்று விளம்பரத்தில் எழுதினால் விவரம் தெரிந்தவர்களுக்கு அதுவே போதும்.

ஓடாமலே இருந்த மோட்டார் புதுசு போலத்தானே இருக்கும்? ஏன் விலையைக் குறைக்கிறார்கள்?

ஓடாமலிருந்தால் தேயாது, அவ்வளவுதான். கெட்டுப்போவதற்கு ஓட வேண்டியதில்லை. 1950களின் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களின் இக்னிஷன் காயில்கள் இதற்குப் பேர்போனவை. காயிலைச் சுற்றிய வார்ப்பு காலப்போக்கில் தானாகவே வெடித்து, பொறி வராமல் போகும். பெட்டிக்குள் இருந்தாலும் வெடிக்கும். கார்புரேட்டரில் தக்கையால் செய்த மிதவை இருக்கும். அதன்மேல் பூசிய வார்னிஷ் இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்காது. கியர்கேஸ் சீல்கள் இறுகிப்போயிருக்கும். எரிபொருள் குழாய் உடையும்.

ஓட்டுவதற்காக வாங்குபவர் இத்தனையையும் மாற்றும் செலவைக் கழித்துத்தான் விலை கேட்பார். அவர் கேட்பதில் தப்பில்லை. ஆனால் அவர் உங்களுக்கு ஏற்ற ஆள் இல்லை. அலமாரியில் வைத்துப் பார்த்து மகிழ்பவருக்குக் காயில் வெடித்தால் என்ன, வெடிக்காவிட்டால் என்ன? விற்பதற்கு முன் நீங்களே பாகங்களை மாற்றி வைக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. திறந்த திருகின் தலையில் ஸ்க்ரூடிரைவர் பட்ட தடம் தெரிந்தால் 'கை படாதது' என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போய்விடும்.

பெட்டிக்கும் காகிதத்துக்கும் அவ்வளவு மதிப்பா?

மோட்டாரை விடப் பெட்டி அரிது. மோட்டாரைப் பத்திரமாக வைத்தவர்கள்கூட அட்டைப்பெட்டியை முதல் நாளே அடுப்பெரிக்கப் போட்டுவிட்டார்கள். பெட்டியின் பக்கத்தில் அச்சிட்ட மாடல் எண்ணும் தகட்டில் உள்ள எண்ணும் ஒத்துப்போனால், மோட்டாரும் பெட்டியும் ஒரே குடும்பம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. உள்ளே முட்டுக்கொடுக்க மடித்து வைத்த அட்டைகள், கட்டுக்கம்பி, மெழுகுத்தாள் எதையும் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள்.

காகிதங்களில் முதல் இடம் அனுப்பப்படாத வாரண்டி அட்டைக்கு. மோட்டாரை வாங்கியவர் பெயர் எழுதி நிறுவனத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டிய அட்டை அது. வெற்றாகப் பெட்டியிலேயே கிடந்தால், விற்பனையே ஆகாமல் டீலரின் பின்னறையில் தங்கிய சரக்கு என்று ஊகிக்கலாம். அடுத்து கையேடு, டீலர் ரசீது, கைப்பிடியில் நூலில் கட்டித் தொங்கவிட்ட எச்சரிக்கை அட்டை, உபரி ஷியர் பின்னும் பிளக் ஸ்பேனரும் வைத்த சின்னப் பை.

தனி டேங்க்கை மறந்துவிடக் கூடாது. 1949இல் ஜான்சனின் 10 எச்.பி. மோட்டார் முன்னே, பின்னே, நியூட்ரல் என்ற கியரோடும் தனியாக வைக்கும் டேங்க்கோடும் வந்தது. அந்த டேங்க்கில் இரட்டைக் குழாய் இருக்கும். ஒன்றில் மோட்டார் காற்றை அழுத்தி அனுப்பும், அந்த அழுத்தத்தில் மற்றதில் பெட்ரோல் ஏறி வரும். இன்று கடையில் கிடைக்கும் ஒற்றைக் குழாய் டேங்க்கை அதில் அப்படியே மாட்ட முடியாது. அதனால் துருப்பிடிக்காத, எழுத்து அழியாத பழைய இரட்டைக் குழாய் டேங்க் தனியாகவே நல்ல விலைக்குப் போகும். கொட்டகையில் சிவப்பாகவோ பச்சையாகவோ பழைய டேங்க் கிடந்தால் பழைய பெட்ரோல் டின் என்று நினைத்துக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

வயது கூடக்கூட விலையும் கூடுமா?

கூடாது. 1920களின் பல மோட்டார்களைவிட 1950களின் சில மோட்டார்களுக்குப் போட்டி அதிகம்.

எதற்குப் போட்டி என்றால், சுருக்கமாக: முதல் பத்து வருடத்து எவின்ரூட்கள், அதாவது பித்தளை டேங்க்கும், ஃப்ளைவீலில் கைப்பிடி குமிழும் கொண்டவை. அந்தக் குமிழைப் பிடித்துச் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் குமிழும் சேர்ந்து சுழலும். விரல் முட்டி பத்திரம். பிறகு ஓலே எவின்ரூட் பின்னால் தொடங்கிய எல்டோ நிறுவனத்தின் 1928ஆம் வருடத்து நான்கு சிலிண்டர் மோட்டார். போருக்கு முன் விற்ற, அரை எச்.பி. மட்டுமே கொண்ட எல்டோ கப். எட்டரை பவுண்டுதான் எடை, குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு போகலாம். மெர்க்குரியின் பந்தய மோட்டார்கள், அதிலும் பந்தயத்துக்கென்றே செய்த கீழ்ப்பகுதி மாறாமல் இருப்பவை. 1957இல் வந்த மெர்க்குரி மார்க் 75, ஆறு சிலிண்டர், 60 எச்.பி. அப்புறம் 1950களின் நடுவில் கார்களைப் போல க்ரோம் பட்டை போட்டு வந்த 30 எச்.பி. அலங்கார மாடல்கள், ஜான்சன் ஜாவலின் அந்த வகை.

போட்டி இல்லாதவை எவை? ஜான்சன், எவின்ரூட் 3 எச்.பி., 5.5 எச்.பி., 10 எச்.பி. போன்ற குடும்ப மோட்டார்கள். நல்ல மோட்டார்கள்தான், இன்றைக்கும் ஓடுகின்றன. அவ்வளவு ஏராளமாகச் செய்தார்கள் என்பதுதான் பிரச்சினை. பெரிய கடைகள் தங்கள் பெயரில் விற்றவையும் விலையில் ஒரு படி கீழேதான் நிற்கும்: சியர்ஸின் எல்ஜின், மோன்ட்கமரி வார்டின் சீ கிங், வெஸ்டர்ன் ஆட்டோவின் விசார்ட். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. விசார்டில் பலவற்றைச் செய்துகொடுத்தது மெர்க்குரியின் கீக்ஹேஃபர். அதை அறிந்த மெர்க்குரிப் பிரியர்கள் நல்ல விசார்டைக் கண்டால் விடமாட்டார்கள்.

சரி, எண்ணாகச் சொல்லுங்கள். என் மோட்டாருக்கு என்ன விலை போடுவது?

நான் பழகிய வழி இது. அதே மாடல், நல்ல அசல் பெயின்ட்டோடு, ஓடும் நிலையில், கடந்த ஒரு வருடத்துக்குள் உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்று முதலில் பிடிக்க வேண்டும். அதுதான் அடிப்படை விலை. சாதாரண மாடல் என்றால், ஓடாதது என்று நிரூபிக்க முடிந்தால், அடிப்படையைப் போல இரண்டு மடங்கு கேட்கலாம். பெட்டி, காகிதம், டேங்க் எல்லாம் சேர்ந்திருந்தால் மூன்று மடங்கு, யாராவது மனம் வைத்தால் நான்கு.

1950களின் 3 எச்.பி. எவின்ரூட் லைட்வின்னை எடுத்துக்கொள்வோம். ஓடும் நிலையில் 200 டாலருக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், பெட்டி இல்லாமல் ஓடாத நிலையில் 400, பெட்டியோடு 600 முதல் 800. பெட்டியின் ஒரு பக்கத்தை எலி கடித்திருக்கிறது, மூடியில் உள்ள படம் வெயிலில் வெளுத்திருக்கிறது என்றால் இன்னும் நூறு நூற்றைம்பது கழித்துக்கொள்ளுங்கள். கிளாம்ப் தட்டில் தழும்பு, கூடவே பிளக்கிலும் கரி என்று சந்தேகம் வந்துவிட்டால் மடங்குக் கணக்கே கிடையாது, நேராக 200க்குத் திரும்பிவிட வேண்டும்.

மேலே சொன்ன போட்டி மாடல்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஓடாத எல்டோ கப்புக்கோ பந்தய மெர்க்குரிக்கோ ஒப்பிட வேறு விற்பனையே கிடைக்காமல் போகலாம். அப்போது ஏலத்தில் விடுவதுதான் நியாயமான வழி, குறைந்தபட்ச விலை ஒன்றை நிர்ணயித்துவிட்டு.

இணையத்தில் இதே மோட்டாருக்கு 3,000 டாலர் என்று போட்டிருக்கிறார்களே?

போட்டிருக்கிறார்கள், விற்றிருக்கிறார்களா? கேட்கும் விலைக்கு எல்லை இல்லை. இபேயில் தேடும்போது 'விற்றவை' என்ற தேர்வைச் சொடுக்கிப் பாருங்கள், பட்டியல் பாதியாகக் குறையும், விலை அதைவிடக் குறையும். இரண்டு மூன்று வருடமாக அதே படத்தோடு நிற்கும் விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்படுவதில் பயனில்லை.

அதே நேரம், ஊர்ப்பக்கத்து வீட்டு ஏலத்தில் 40 டாலருக்குப் போனதையும் அளவுகோலாக எடுக்கக் கூடாது. அங்கே வந்தவர்கள் நாற்காலியும் தட்டுமுட்டுச் சாமானும் வாங்க வந்தவர்கள். மோட்டார் பிரியர் ஒருவர்கூட இல்லாத இடத்தில் எதுவும் அடிமாட்டு விலைக்குத்தான் போகும்.

அன்றைய விலையைப் பணவீக்கத்தோடு பெருக்கினால் சரியான மதிப்பு வராதா?

வராது. அன்றைய விலை, மீன் பிடிக்கப் போக வேண்டிய ஒருவருக்கு அந்த மோட்டார் செய்த வேலைக்கான விலை. இன்று அந்த வேலையை யாரும் இதனிடம் கேட்கவில்லை.

தூசி தட்டி, மெழுகு போட்டு, கொஞ்சம் டச்சப் பெயின்ட் அடித்து விற்கலாமா?

தூசி தட்டலாம், மென்மையான தூரிகையால். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். நீரில் கரையும் சோப்புகூட பழைய ஸ்டிக்கரின் ஓரத்தைத் தூக்கிவிடும். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி போலப் பூத்திருந்தால் அது ஈரத்தால் வந்தது, அப்படியே விடுங்கள். கீறலில் பெயின்ட் வைத்தால், எதையோ மறைக்கிறார் என்று வாங்குபவர் மற்ற இடங்களையும் சந்தேகிப்பார். எலிக்கூடு மட்டும் விதிவிலக்கு. மூடிக்குள் கூடு இருந்தால் கையுறை போட்டு எடுத்துவிடுங்கள், எலிச் சிறுநீர் அலுமினியத்தை அரிக்கும்.

இதை நானே வைத்து ஏரியில் ஓட்டினால் என்ன?

ஓட்டலாம், உங்கள் மோட்டார். ஆனால் ஓடிய நிலையிலுள்ள இன்னொன்றை நூறு இருநூறுக்கு வாங்கி ஓட்டிவிட்டு, இதைப் பெட்டியிலேயே விடுவது புத்திசாலித்தனம். ஓட்டுவதற்கு முன் அந்த ஏரியின் சட்டத்தையும் பாருங்கள். கலிஃபோர்னியா, நெவாடா எல்லையில் உள்ள தாஹோ ஏரியில் கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் மோட்டார்களுக்கு 1999இல் தடை வந்தது. எண்ணெய் கலவையும் கவனம்: 1950களின் மோட்டார்கள் 24க்கு 1 என்ற கலவையைக் கேட்கும். 1960களின் நடுவில் வந்த 50க்கு 1 கணக்கை அதில் போட்டால் தாங்கிகள் காய்ந்துபோகும்.

பிரிட்டிஷ் சீகல் ஒன்று கிடைத்தது. அதற்கும் இதே கணக்கா?

ஏறக்குறைய அதேதான், ஆனால் அமெரிக்காவில் அதற்கு ஆள் குறைவு. இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையில் பூல் என்ற ஊரில் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் செய்துகொண்டே இருந்தார்கள். மூடியே கிடையாது, எல்லாம் வெளியே தெரியும். பிற்கால சீகலின் சீரியல் எண் முடிவில் உள்ள எழுத்து மாதத்தையும் எண் வருடத்தையும் காட்டும். பழைய மாடல்கள் 10க்கு 1 என்ற அளவில் எண்ணெய் குடிக்கும், வாடையிலேயே அடையாளம் தெரியும். ஓடாத சீகலை பிரிட்டனில் விற்றால் நல்ல விலை, ஆனால் அனுப்பும் செலவு அந்த லாபத்தைத் தின்றுவிடும்.

பெட்டிக்குள் ஒரு சாண் உயரத்தில் பொம்மை மோட்டார் இருக்கிறது. அதை எறிந்துவிடலாமா?

ஐயோ, வேண்டாம். 1950களில் கலிஃபோர்னியாவின் வான் நைஸில் கே அண்ட் ஓ என்ற நிறுவனம், நிஜ மோட்டார்களைப் பார்த்து அப்படியே பேட்டரியில் ஓடும் பொம்மை அவுட்போர்ட் செய்தது. ஜான்சன், எவின்ரூட், மெர்க்குரி என்று அந்தந்த நிறத்தோடும் பெயரோடும். பெட்டியோடு ஓடாத பொம்மை கிடைத்தால், அது நகலெடுத்த நிஜ மோட்டாரைவிட அதிக விலைக்குப் போவதும் உண்டு.

மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டுமா?

எதற்காக என்பதைப் பொறுத்தது. ஒரே மோட்டாருக்கு மூன்று மதிப்பு இருக்கலாம். அவசரமாக விற்றால் கிடைப்பது ஒன்று. கட்டாயம் இல்லாத வாங்குபவரும் கட்டாயம் இல்லாத விற்பவரும் விவரம் தெரிந்து ஒத்துக்கொள்ளும் சந்தை மதிப்பு இன்னொன்று. வரித்துறையும் வாரிசுச் சொத்துக் கணக்கும் கேட்பது இதைத்தான். தொலைந்தால் அதே போல இன்னொன்று தேடிப்பிடிக்க ஆகும் செலவு மூன்றாவது, காப்பீட்டுக்கு அது. பெட்டியோடு உள்ள ஒன்றுக்கு மூன்றாவது மதிப்பு மற்ற இரண்டையும்விட நன்றாகவே கூடுதலாக வரும்.

அமெரிக்காவில் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்து வரிக்கழிவு கேட்கும்போது, மதிப்பு 5,000 டாலருக்கு மேல் போனால் தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். சாதாரண குடும்ப மோட்டாருக்கு அந்த உயரம் வராது. சான்றிதழுக்கு ஆகும் கட்டணமே மோட்டார் விலையைத் தொட்டுவிடும். விற்ற விலைகளின் பிரதிகளையும் உங்கள் படங்களையும் ஒரு கோப்பில் வைத்தால் போதும்.

எங்கே விற்பது? எப்படி அனுப்புவது?

1965இல் தொடங்கிய ஆன்டிக் அவுட்போர்ட் மோட்டார் கிளப்பின் கிளைகள் நடத்தும் சந்திப்புகள்தான் என் முதல் தேர்வு. ஏரிக்கரையில் கூடி, தொட்டியில் மோட்டார் ஓட்டி, வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து விற்பார்கள். அங்கே வருபவர்களுக்கு கிளாம்ப் தட்டைப் பற்றி நீங்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை, அவர்களே குனிந்து பார்ப்பார்கள். அபூர்வ மாடல் என்றால் பழைய படகுகளையும் கார்களையும் விற்கும் பெரிய ஏல நிறுவனங்களைக் கேளுங்கள். அவர்கள் எடுக்கும் தரகு எவ்வளவு என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் விற்றால் படம்தான் பேசும். தகடு, கிளாம்ப் தட்டின் முகம், விசிறியின் ஓரம், புகைத் துவாரம், பிளக்கின் நுனி, பெட்டியின் நான்கு பக்கம், எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். பழுதையும் சேர்த்து எடுங்கள், எலி கடித்த மூலையை மறைத்து அனுப்பினால் பணம் திருப்பிக் கேட்டு வருவார்கள்.

அனுப்பும்போது பழைய பெட்டியை வெளிப்பெட்டியாகப் பயன்படுத்தக் கூடாது. அதன்மேல் முகவரி ஒட்டி டேப் சுற்றினால் போச்சு. அதைவிடப் பெரிய, தடித்த பெட்டிக்குள் அதை வைத்து, நான்கு பக்கமும் நுரைப்பலகை கொடுங்கள். விசிறியும் திசைதிருப்பும் கைப்பிடியும்தான் முதலில் உடையும். பெட்ரோல் பட்ட மோட்டாரைக் கூரியர் நிறுவனங்கள் அபாயச் சரக்காகக் கருதும்; எரிபொருளே படாதது என்றால் அதை எழுதி, காலி டேங்க்கின் படத்தோடு முன்கூட்டியே காட்டிவிடுங்கள். 50 பவுண்டுக்கு மேல் எடை போனால் கூரியரைவிட, வாங்குபவரே வந்து எடுத்துப் போகட்டும் என்று விளம்பரத்தில் போடுவது நல்லது. அப்படி வருபவர் பெட்டியைத் திறந்து பார்த்த பிறகு பணம் கொடுக்கட்டும், நீங்களும் பணத்தை எண்ணிய பிறகு ஏற்றி விடுங்கள்.